கறை கழுவுதல்

துணி வெளுப்பதில் அறம் எங்கே வந்தது என்று கேட்போர் உளர். பள்ளிச் சீருடையில் மை கொட்டினால் அன்னை அதைக் கழுவுகிறாள். வேட்டியில் குழம்பு சிந்தினால் உடுத்தியவரே ஓடிச் சென்று நீர் தெளிக்கிறார். அழுக்கு நீங்க வேண்டியது, நீக்குவது நற்செயல் என்பதற்குமேல் அங்கே ஆராய்ச்சிக்கு இடமில்லை. ஆனால், உடுத்துவதற்காக அன்றி வைத்துப் போற்றுவதற்காகவே ஒரு சட்டை பெட்டியில் கிடக்கும்போது நிலைமை மாறிவிடுகிறது. அதன் மேலுள்ள கறை அழுக்கா, அடையாளமா? அதைக் கழுவுகிறவர் தூய்மை செய்கிறாரா, எதையோ அழிக்கிறாரா? எளிய வினா போலத் தோன்றும் இது, சற்று இழுத்தால் நெடுந்தொலைவு வருகிறது.

கம்போங் மேடானில் ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். பழைய கிள்ளான் சாலையை ஒட்டிப் பெட்டாலிங் ஜெயாவின் தென்பகுதியில் அமைந்தது இவ்வூர். மேடான் என்னும் மலாய்ச் சொல்லுக்குத் திடல் என்றும் களம் என்றும் பொருள் உண்டு. தோட்டத் துண்டாடலாலும், பின்னர்த் தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டதாலும் இடம்பெயர்ந்த இந்தியக் குடும்பங்கள் பல இத்தகைய புறம்போக்குக் குடியிருப்புகளில்தான் வந்து தங்கின. பலகை வீடுகள் போய் அடுக்குமாடிகள் எழுந்தன. தோட்டத்தில் வாசலுக்கு எதிரே திடல் இருந்தது. அடுக்குமாடியில் வாசலுக்கு எதிரே இன்னொருவர் வாசல் இருக்கிறது. ஊரின் பெயரில் திடல் இருப்பது ஓர் ஆறுதல் என்றே கொள்ள வேண்டும்.

நாம் எண்ணும் வீட்டில் தந்தை இறந்துவிட்டார். தோட்டத்துக் காற்பந்துக் குழுவில் தற்காப்பு ஆட்டக்காரராக இருந்தவர். அவருடைய தகரப்பெட்டியின் அடியில் ஒரு பருத்திச் சட்டை கிடைக்கிறது. சிவப்பு உடல், மஞ்சள் கழுத்துப்பட்டை, முதுகில் தடித்த துணியில் வெட்டித் தைத்த ஐந்து என்னும் எண். முழங்கையில் செம்மண். அக்குளிலும் கழுத்திலும் பழுப்பேறிய வியர்வை. மடிப்புகளில் கரும்புள்ளியாய்ப் பூஞ்சணம். மார்பின் வலப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு விறைத்துப்போன ஒரு கருந்திட்டு. மகன் அதைக் கண்டதும் குருதி என்கிறான். தாயோ, இறந்தவர் துணியை அழுக்கோடு வைத்திருப்பது ஆகாது, கொடு துவைக்கிறேன் என்கிறாள். இதற்கிடையே பழைய விளையாட்டுச் சட்டைகளைத் திரட்டும் ஒருவர் செய்தியறிந்து வருகிறார்; கை வைக்காதீர்கள், அப்படியே கொடுங்கள், நல்ல விலை தருகிறேன் என்கிறார். ஒரு சட்டையின் மேல் மூன்று உரிமைகள். இவர்களுள் எவர் சொல்வது அறம்?

இத்தகைய சட்டையை ஒருவர் ஏன் போற்ற வேண்டும் என்று கேட்கும் இளைய மாணாக்கர்க்கு ஒரு சொல். மலேசியத் தமிழன் தன்னைப் பொதுமேடையில் கண்டுகொண்ட இடங்களுள் காற்பந்துத் திடலும் ஒன்று. போர்ட் கிள்ளானில் பிறந்த ஆர். ஆறுமுகம், நீண்ட கைகளால் இலக்கைக் காத்துச் சிலந்தி மனிதன் என்னும் பட்டப்பெயர் பெற்றவர். 1980 ஏப்ரல் 6-ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற மலேசியக் குழுவில் இலக்குக் காவலர் அவரே. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து மலேசியா அவ்வொலிம்பிக்கைப் புறக்கணித்ததனால், வென்றும் அவர்கள் செல்லவில்லை. 1988 டிசம்பரில் சாலை நேர்ச்சியில் ஆறுமுகம் மறைந்தார். அவரோடு சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் ஆடிய மொக்தார் டஹாரி 1991-இல் நோயால் மறைந்தார். கேப்டன் எம். சந்திரன், சந்தோக் சிங், சோ சின் ஆன் என அக்காலப் பெயர்களை அடுக்கினால் எல்லா இனத்தாரும் ஒரே நிறச் சட்டைக்குள் நின்றது விளங்கும். அவர்களைப் பார்த்துத்தான் தோட்டத் திடல்களில் ஆயிரக்கணக்கானோர் ஆடினர். அரங்கில் ஆடியவர்களின் சட்டைக்குக் காட்சிப் பேழை கிடைக்கும். தோட்டத் திடலில் ஆடியவர்க்குத் தகரப்பெட்டிதான். ஆகவேதான் பெட்டியில் கிடப்பது இரக்கத்துக்கும் கவனத்துக்கும் உரியது.

இனிக் கழுவும் முறையைப் பார்ப்போம். முறை தெரியாமல் அறம் பேசுவது வீண். நம் முன்னோர் இக்கலையை நன்கு அறிந்திருந்தனர். துணியைக் கஞ்சிப்பசையில் தோய்த்துக் குளத்தில் அலசும் புலைத்தியைச் சங்கப் புலவர்கள் கண்டு பாடியிருக்கின்றனர். உவர்மண்ணில் ஊறவைத்து வெள்ளாவியில் வேகவைத்த வெளுப்பும், பூந்திக்கொட்டை நுரையில் பட்டைக் கசக்கிய நயமும் நேற்றுவரை வழக்கில் இருந்தவை. சிங்கப்பூரின் நடுவே டோபிகாட் என்று ஓரிடத்துக்குப் பெயர் நின்றதே, அங்கு ஓடையோரம் துணி வெளுத்த இந்தியத் தொழிலாளர்களால்தான். ஆனால், பழைய வெளுப்பின் நோக்கம் வேறு. அடித்துத் துவைத்துக் கஞ்சி போட்டு மீண்டும் உடுத்தச் செய்வது அது. பெட்டிச் சட்டையை அப்படி அடித்தால் இழை நைந்துவிடும்.

கறை என்பது ஒரு பொருளன்று. குருதி புரதம் கலந்தது. வெந்நீர் பட்டால் முட்டை வெந்ததுபோல் இறுகி இழையோடு ஒட்டிக்கொள்ளும். ஆதலின் குருதிக்குத் தண்ணீரே மருந்து. அதுவும் குளிர்ந்த நீரில் பொறுமையாக ஊறவைத்து, மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். புரதத்தைச் சிதைக்கும் நொதி கலந்த சலவைப்பொடி அதற்கு உதவும். ஆனால் அதே நொதி பட்டையும் கம்பளியையும் தின்னும். அவையும் புரதமே அல்லவா! செம்மண் கறையோ இரும்புத் துரு. அது சேறாக இருக்கும்போது தேய்த்தால் இழைக்குள் இறங்கும். காயவிட்டு, மெல்லிய தூரிகையால் உதிர்த்து, எஞ்சியதைப் பிறகு கழுவுவதே முறை. குளோரக்ஸ் என்று கடைப்பெயராலேயே நம் வீடுகளில் வழங்கும் வெளுப்புநீரைத் துருவின் மேல் ஊற்றினால் துரு போகாது, இன்னும் நிலைக்கும். எலுமிச்சைச் சாறு துருவைக் கரைக்கும். அதனோடு சாயத்தையும் கொஞ்சம் கொண்டுபோகும். புல்லின் பச்சை நீருக்கு அசையாது, சாராயத்துக்கு அசையும். ஆனால் சட்டையில் ஆட்டக்காரர் கையெழுத்து இருந்தால் அந்தச் சாராயம் கையெழுத்தையும் கரைத்துவிடும். ஒரு கறையை நீக்கப் போய் ஒருவரின் பெயரை நீக்கிய கதை இப்படித்தான் நேர்கிறது.

வியர்வை எல்லாவற்றிலும் வஞ்சகமானது. புதிதில் தெரியாது. உப்பும் கொழுப்பும் துணியில் தங்கி, ஆண்டுகள் செல்லச் செல்லக் காற்றோடு கூடிப் பழுப்பாகி, இழையை மெல்ல அரிக்கும். 1980-களுக்குப் பின் பெருகிய பாலியெஸ்டர்ச் சட்டைகள் எண்ணெயை விடாமல் பற்றுவன. எத்தனை முறை துவைத்தாலும் உடல் சூடேறியதும் பழைய வாடை எழுவதன் காரணம் அதுவே. அவற்றின் எண்களும் தைத்தவை அல்ல, சூட்டால் ஒட்டியவை. வெந்நீரும் உலர்த்தும் இயந்திரமும் இஸ்திரிப்பெட்டியும் அவ்வெண்களை வெடிக்கச் செய்யும். சட்டையை உள்ளே வெளியாகத் திருப்பி, முப்பது பாகைக்கு மேற்படாத நீரில், கையால் அமுக்கி அமுக்கி அலசி, பிழியாமல் துவாலையில் சுருட்டி நீர் வாங்கி, நிழலில் பரப்பி உலர்த்துவதே அவற்றுக்கு ஏற்றது.

நம் வீட்டுச் சட்டைக்கு இன்னொரு தீங்கு காத்திருக்கிறது. சிலாங்கூரின் நிறங்களான சிவப்பும் மஞ்சளும் ஒரே துணியில் சேர்ந்திருக்கின்றன. பழைய சிவப்புச் சாயம் நீரில் ஓடும் இயல்புடையது. வெந்நீரில் போட்டுச் சற்றே மறந்தால் மஞ்சள் கழுத்துப்பட்டை இளஞ்சிவப்பாகிவிடும். பிறகு எக்கலையாலும் மீட்க இயலாது. ஈரமான வெள்ளைத் துணியை உள்தையலில் சிறிது நேரம் அழுத்திப் பார்த்துச் சாயம் இறங்குகிறதா என்று அறிந்த பின்னரே நீரில் நனைக்க வேண்டும். வெளுப்புநீரைப் புளிக்காடியோடு கலப்பவர்கள் உண்டு. கலந்தால் நச்சுக்காற்று எழும். சட்டைக்கு நேரும் கேட்டைவிட அது பெரிது.

இவ்வளவும் கறையை நீக்கும் திறம். நீக்கலாமா என்பது இன்னும் அப்படியே நிற்கிறது.

1989 செப்டம்பர் 6-ஆம் நாள் ஸ்டாக்ஹோமில் இங்கிலாந்தும் சுவீடனும் மோதின. இங்கிலாந்துத் தலைவர் டெர்ரி புட்சரின் நெற்றி பிளந்தது. இடைவேளையில் தையலிட்டுக் கட்டுப் போட்டு அவர் மீண்டும் ஆடினார். பந்தைத் தலையால் முட்டுந்தோறும் குருதி வடிந்து வெள்ளைச் சட்டை செஞ்சட்டையாயிற்று. ஆட்டம் கோலின்றி முடிந்தது. அவ்வாட்டத்தின் நிகழ்ச்சிகள் பலவும் மறந்துபோயின. அந்தச் சட்டை மறக்கவில்லை. அதை யாரேனும் தூய வெள்ளையாக வெளுத்துத் தந்தால் அது என்ன ஆகும்? கடையில் தொங்கும் ஆயிரம் சட்டைகளுள் ஒன்றாகும். இன்றைய ஆட்ட விதிப்படி குருதி கசிபவர் திடலை விட்டு வெளியேறிச் சட்டையை மாற்றியாக வேண்டும் என்பதையும் இங்கே நினைக்கலாம். உடல்நலத்துக்கு ஏற்ற விதிதான். ஆயினும் அத்தகைய சட்டை இனிப் பிறக்காது என்பதனாலும் பழையதன் மதிப்புக் கூடுகிறது.

கறையைச் சான்றாகவே கொள்ளும் தொழிலும் உருவாகியிருக்கிறது. ஏலக்கூடத்தார், ஆட்டத்தின்போது எடுத்த படங்களோடு சட்டையை ஒப்பிட்டு, இந்தச் சேற்றுத் திட்டு, இந்தக் கோணல் தையல், இந்த எண்ணின் சாய்வு படத்திலும் உண்டு என்று கண்டு, அதே சட்டைதான் என்று உறுதி செய்கின்றனர். 1986 ஜூன் 22-இல் மெக்சிகோவில் இங்கிலாந்தை எதிர்த்து மாரடோனா அணிந்த நீலச்சட்டை 2022-இல் இலண்டன் ஏலத்தில் எழுபது இலட்சம் பவுனுக்கு மேல் விலைபோயிற்று. ஆட்டம் முடிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்ட ஸ்டீவ் ஹாட்ஜ் என்னும் இங்கிலாந்து ஆட்டக்காரரிடம் அது அதுவரை இருந்தது; பல ஆண்டுகள் மான்செஸ்டர் காட்சிக்கூடத்திலும் வைக்கப்பட்டிருந்தது. அது முதற்பாதியில் அணிந்ததா பிற்பாதியில் அணிந்ததா என்று மாரடோனா குடும்பத்தார் ஐயம் எழுப்பியபோது, எண்ணும் பட்டையும் படத்தோடு பொருந்துவதைக் காட்டியே விடையளித்தனர். அந்நீலச்சட்டைகள் ஆட்டத்துக்குச் சில நாள் முன்னர் மெக்சிகோ நகரக் கடையில் அவசரமாக வாங்கி எண் ஒட்டப்பட்டவை. அந்த அவசரத்தின் குறையே பின்னாளில் அடையாளமாயிற்று.

அச்சட்டையைப் பற்றி ஆசிரியர்கள் மாணாக்கரிடம் கேட்கத்தக்க வினா ஒன்றுண்டு. மாரடோனா அன்று அடித்த முதற்கோல் கையால் தட்டியது. உலகறிந்த பிழை அது. அச்சட்டையில் அதன் கறை எங்கே இருக்கிறது? இழையில் தேடினால் கிடைக்காது. ஆனால், அதனை விலைக்கு வாங்கியவர் அழகிய இரண்டாம் கோலை மட்டுமா வாங்கினார்? இரண்டும் சேர்ந்துதான் எழுபது இலட்சம். மனிதர் கறையையும் விலை கொடுத்து வாங்குவர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

கறைக்கு விலை வந்ததும் பொய்யும் வந்துவிடும். தேயிலைச் சாற்றில் நனைத்துப் பழையதுபோல் ஆக்குவதும், தோட்டத்து மண்ணைப் பூசி ஆடியதுபோல் காட்டுவதும் செய்யக்கூடியவையே. இதற்கு மாறாக, ஆடிய சட்டையை மிக வெளுத்து, அணியாத புதுச்சட்டை என்று விற்பதும் உண்டு. முன்னது இல்லாத கறையைச் சேர்ப்பது. பின்னது இருந்த கறையை மறைப்பது. இரண்டிலும் கெடுவது துணியன்று, சொல். புறத்தூய்மைக்கு நீரையும் அகத்தூய்மைக்கு வாய்மையையும் வகுத்துச் சொன்ன வள்ளுவர் காலத்தில் ஏலக்கூடம் இல்லை. நீரே வாய்மையை அழிக்கும் கருவியாகும் நிலை வருமென்று அவர் எண்ணியிருப்பாரோ, அறியோம். கழுவியவர், கழுவினேன் என்று சொல்லிவிட்டால் அங்கே குற்றமில்லை. விற்கும்போது சொல்லாமல் விடுவதில்தான் இருக்கிறது எல்லாக் கள்ளமும்.

விலைக்கு அப்பாற்பட்ட கறையும் உண்டு. மதுரையில் இராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959-இல் திறக்கப்பெற்ற காந்தி அருங்காட்சியகத்தில், அண்ணல் சுடப்பட்டபோது அணிந்திருந்த குருதி தோய்ந்த ஆடை கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. சுற்றுலா வரும் பள்ளிப் பிள்ளைகள் அதுவரை கலகலத்து வந்து, அப்பேழையின் முன் அடங்கிப்போகின்றனர். தம் துணியைத் தாமே துவைத்து, கழிப்பிடத்தையும் தாமே தூய்மை செய்து, தூய்மையை ஒரு நோன்பாகவே கொண்டவர் அவர். அவருடைய ஆடை மட்டும் துவைக்கப்படாமல் இருக்கிறது! அவர் இருந்திருந்தால் துவைத்திருப்பார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கறையைக் கழுவும் உரிமை அவருக்குப் பின் எவர்க்கும் இல்லை. அது அவர் செயலின் கறையன்று, பிறர் செய்த தீங்கின் சான்று.

கம்போங் மேடானை அடுத்து கம்போங் காந்தி என்னும் பெயரில் ஒரு குடியிருப்பு இருந்தது. 2001-ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில், கம்போங் மேடானிலும் அதனைச் சூழ்ந்த இத்தகைய குடியிருப்புகளிலும் சில நாள் நடந்த வன்செயலில் ஆறு பேர் மாண்டனர். பலர் வெட்டுக்காயமுற்றனர். மாண்டவருள் பெரும்பாலோர் இந்தியர். ஒரு திருமண வீடும் ஒரு சாவு வீடும் அருகருகே அமைந்ததில் எழுந்த சச்சரவு என்று அன்று சொல்லப்பட்டது. அதன்பின் நெடுங்காலம் இவ்வூரின் பெயரைக் கேட்டாலே அந்நாட்களே நினைவுக்கு வந்தன. திடல் என்று பொருள்படும் பெயருக்கு இப்படியொரு கறை.

அதைப் பேசாமல் விட்டுவிடுவோம், காலம் கழுவிவிடும் என்பார் ஒரு சாரார். அவர் நல்லெண்ணத்தை ஐயுற வேண்டியதில்லை. அண்டை அயலோடு வாழ வேண்டியவர் அவரே. ஆனால் பேசாமல் விட்ட துணியில் என்ன நிகழ்கிறது என்பதை நம் நாட்டில் வாழும் எவரும் அறிவர். கிள்ளான் பள்ளத்தாக்கின் காற்றில் ஈரம் பெரும்பாலும் எண்பது விழுக்காட்டளவில் நிற்பது. மூடிய பெட்டியில் கறை அப்படியே இராது. அதன்மேல் பூஞ்சணம் பூக்கும். நடந்த கொலைகளின் மேல் வதந்தி பூத்தது போன்றதே அது. எவ்வினத்தார் எத்தனை பேர் என்று ஆளுக்கொரு கணக்கு, ஊருக்கொரு கதை. நடந்தது குருதி, பின்னர் வளர்ந்தது பூஞ்சணம். இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணி மொத்தமாக வெளுப்புநீரில் முக்குபவர் சான்றை இழப்பார். ஒன்றென்று எண்ணி மொத்தமாகப் போற்றி வைப்பவர் பூஞ்சணத்தையும் பேணி வளர்ப்பார். மாண்டவர் எத்தனை பேர், எங்கே, எவ்வாறு என்பதைத் தெளிவாக எழுதி வைப்பதும், வதந்தியை நீக்குவதும் வெவ்வேறு வேலைகள். முன்னதைச் செய்யாதவரால் பின்னதைச் செய்ய முடியாது.

இந்த வேறுபாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நம் வீட்டுச் சட்டைக்குத் திரும்பினால், வழி ஓரளவு தெரிகிறது. ஆட்டத்தில் வந்தது வேறு, பெட்டியில் சேர்ந்தது வேறு. பூஞ்சணம் பெட்டியில் சேர்ந்தது, எதற்கும் சான்றன்று, சட்டையைத் தின்கிறது. அதை வெளியில் கொண்டுபோய் உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுவதில் எவர்க்கும் தடையிராது. செம்மண் ஆட்டத்தில் வந்தது, இழைக்கும் பெருந்தீங்கில்லை, இருக்கலாம். குருதி ஆட்டத்தில் வந்ததானால் அதுவும் இருக்கலாம்.

ஆனால் வியர்வையிடம் வந்ததும் இந்த அளவுகோல் முறிகிறது. வியர்வையும் ஆட்டத்தில் வந்ததே. தொண்ணூறு நிமிடம் ஓடியவன் என்பதற்கு அதைவிட நேரான சான்று எது? அதுவே துணியை அரிக்கிறது. வைத்தால் சட்டை போகும். நீக்கினால் சான்று போகும். காட்சிக்கூடங்களில் துணி பேணுவோரும் இவ்விடத்தில் தயங்குகின்றனர். கழுவியதைத் திரும்பக் கழுவாததாக ஆக்க முடியாது என்பதால் அவர்கள் கூடுமானவரை கைவைப்பதில்லை. கைவைக்கும் முன் படமெடுத்துக் குறிப்பெழுதுகின்றனர். அவர்களுக்கு அடுத்த நூற்றாண்டைப் பற்றிய கவலை. வீட்டிலுள்ளோர்க்கு அவ்வளவு தேவையில்லை எனினும், ஒரு படமும் நாலு வரிக் குறிப்பும் எவராலும் இயலும்.

இதுவரை மகனும் வாங்க வந்தவரும் பேசியதாகவே இருக்கிறது. தாயின் கட்சியை எவரும் கேட்கவில்லை. அது மிக வலுவான கட்சி. அந்தச் சட்டை ஒவ்வொரு வார ஆட்டத்துக்குப் பின்னும் துவைக்கப்பட்டதே! துவைத்தவள் அவள். தோட்டத்து லயத்தின் பொதுக்குழாயடியில், விடியலில் வேலைக்குப் போய் நண்பகலில் திரும்பிய களைப்போடு, கட்டி சவர்க்காரம் தேய்த்துக் கல்லில் கும்மியவள் அவள். அடுத்த வாரம் வெள்ளையும் சிவப்பும் மஞ்சளுமாக வரிசையில் நின்ற பதினோரு பேரைக் கண்டு ஊர் மெச்சியது. கழுத்துப்பட்டையின் ஓரம் நூல் தெரியத் தேய்ந்திருப்பது ஆட்டத்தாலன்று, அவள் கையால். அழுக்கு அவன் உழைப்புக்குச் சான்றெனில் தேய்வு அவள் உழைப்புக்குச் சான்று. திரட்டுவோர் அழுக்குக்கு விலை சொல்கின்றனர். தேய்வைக் குறையென்று விலை குறைக்கின்றனர். ஆடியவனும் தன் சட்டை தூயதாக இருக்கவே விரும்பினான். கடைசி ஆட்டத்துக்குப் பின் அது துவைக்கப்படாமல் போனது ஏதோ ஒரு தற்செயல். அத்தற்செயலைப் புனிதமாக்கி, வாழ்நாளெல்லாம் துவைத்தவளிடம், தொடாதே என்று சொல்ல மகனுக்கு என்ன உரிமை?

இக்கேள்விக்கு ஏலக்கூடத்தாரிடம் விடையில்லை. இருக்கவும் வேண்டியதில்லை, அவர்கள் தொழில் வேறு.

ஆகவே மகன் சட்டையை வெளிச்சத்தில் விரித்து, முன்னும் பின்னும் படமெடுத்துக்கொண்டு, அதைத் தாயிடம் கொடுப்பதே முறை. மார்பிலுள்ள குருதியை மட்டும் விட்டுவிடம்மா என்று கேட்டுக்கொள்ளலாம். கேட்கலாம், கட்டளையிடலாகாது. அவள் சட்டையை வாங்கி அக்கருந்திட்டை விரலால் நெருடிப் பார்ப்பாள், மோந்தும் பார்ப்பாள். பிறகு சிரிப்பாள்.

அது குருதியன்று. ரப்பர்ப் பால்.

ஆட்டத்தை விட்டபின் அவர் அச்சட்டையை மரம் சீவப் போகும்போது அணிந்தார். தோட்டத்தில் எப்பழைய துணிக்கும் முடிவு அதுதான். பால் துணியில் பட்டால் உறைந்து, ரப்பராகி, நாளடைவில் கறுக்கும். நீரும் சவர்க்காரமும் அதனை ஒன்றும் செய்யா. மண்ணெண்ணெய் சிறிது இளக்கும், அதற்குள் சாயம் போய்விடும். மரம் சீவிய பெண்களுக்கும் ஆண்களுக்கும் வேலைத்துணி என்று ஒன்று தனியாக இருந்ததன் காரணமே இதுதான். கறையைச் சான்று என்கிறோம். ஆனால் சான்று தானே பேசுவதில்லை. வீரக்குருதி என்று எண்ணிப் போற்ற இருந்த மகனையும், அவ்வாறே எண்ணி விலை சொன்னவரையும், அதனை அறிந்தவள் ஒருத்தி உயிரோடு இருந்ததே காத்தது. அவளைக் கேட்காமல் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்திருந்தால், எவரும் பொய் சொல்லாமலேயே அங்கு ஒரு பொய் நிலைத்திருக்கும்.

வாங்க வந்தவர் விலையைக் குறைத்துச் சொல்வார் என்பதில் ஐயமில்லை. மகன் ஏமாற்றமடையக்கூடும். திடலில் ஆடிய ஓரிரு ஆண்டுகளைவிட மரத்தடியில் நின்ற ஆண்டுகள் பன்மடங்கு என்பதை அவன் எண்ணிப் பார்த்தானாயின், அக்கருந்திட்டு வேறு விதமாகத் தோன்றவும் கூடும். தோன்றாமலும் போகலாம். படத்தோடு சேர்த்து எழுதும் குறிப்பில் மட்டும் அவன் உள்ளதை எழுத வேண்டும்: தோட்டக் குழுவில் ஆடியபோது அணிந்தது, பின்னர் மரம் சீவும்போது அணிந்தது, மார்பில் உள்ளது பால், இன்ன நாளில் அம்மா துவைத்தது.

தாய் அகன்ற வாளியில் குளிர்ந்த நீர் நிரப்பி, மென்மையான சவர்க்காரத்தைக் கரைத்து, சட்டையை அமிழ்த்துவாள். சிவப்பு ஓடுகிறதா என்று முதலில் உள்தையலில் பார்த்திருப்பாள். அதை அவளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பழுப்புநீர் இறங்க இறங்க நான்கைந்து முறை நீர் மாற்றுவாள். கல்லில் அடிக்க ஓங்கிய கை, துணியின் மூப்பை உணர்ந்து தாழும். பழைய துவாலையில் சுருட்டி ஈரம் வாங்கி, அடுக்குமாடியின் பின்தாழ்வாரத்தில் வெயில் படாத இடமாகப் பார்த்து, கம்பியில் தொங்கவிடாமல் கவிழ்த்துவைத்த கூடையின் மேல் பரப்புவாள். தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் தோள் இழுபடும். மாலைக்குள் உலர்ந்துவிடும். மஞ்சள் கழுத்துப்பட்டை மஞ்சளாகவே இருக்கும். முழங்கையில் செம்மண்ணின் சாயல் மங்கலாக நிற்கும். சுற்றியிருந்த அழுக்குப் போனதனால், மார்பில் உள்ள கருந்திட்டு முன்னினும் தெளிவாகத் தெரியும்.